நாற்காலி இருக்கிறது... உட்காரலாமா?

பணியிட நலன் என்ற பெயரில் நடப்பவற்றில் எது நிஜம், எது ஒப்புக்கு? ரங்கநாதன் தெரு முதல் ஓ.எம்.ஆர். வரை ஒரு பார்வை

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஏதாவது ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடி. முப்பது புடவைகளை விரிக்க வைத்துவிட்டு, "வேற டிசைன் இருந்தா காட்டுங்கம்மா" என்கிறார் வாடிக்கையாளர். எதிரே நிற்கும் பெண் முகம் சுளிக்காமல் முப்பத்தோராவதை உதறி விரிக்கிறார். காலையில் கடை திறந்ததிலிருந்து நிற்கிறார். ஷட்டர் இறங்க இரவு பத்து ஆகிவிடும்.

அவருக்குப் பின்னால், தூணோரமாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன்மேல் மடிக்க வேண்டிய புடவைக் கட்டு ஒன்று வசதியாக உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஸ்டூல் அங்கே சும்மா வந்துவிடவில்லை. 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த திருத்தத்தால் வந்தது. 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பது அதன் சாரம். நின்றபடி வேலை செய்பவர்களுக்கு இருக்கை வசதி என்று ஆலைகளுக்கு 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியாகிவிட்டது. ஆலையிலிருந்து கடைக்கு அந்த இருக்கை வந்துசேர 73 வருடம் பிடித்தது.

சட்டம் வந்தது, ஸ்டூலும் வந்தது. ஆனால், உட்கார்ந்திருப்பது புடவைக் கட்டு.

'ஊழியர் நலன்' பற்றி இன்று நடக்கும் அத்தனை பேச்சையும் இந்த ஒரு ஸ்டூலை வைத்தே அளந்துவிடலாம். யோகா வகுப்பு, மனநல வாரம், மொபைல் ஆப், மகளிர் தின ரோஜாப்பூ, பீன் பேக் போட்ட ஓய்வறை... எல்லாவற்றையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இருக்கிறது சரி, இதில் உட்கார்ந்தால் யாராவது முறைப்பார்களா?

கோழிக்கோட்டில் தொடங்கிய கதை

தமிழ்நாட்டுக்கு முன்பே கேரளம் 2018-ல் இந்த உரிமையைச் சட்டமாக்கியது. அதன் பின்னால் கோழிக்கோட்டைச் சேர்ந்த விஜி என்ற தையல் தொழிலாளி இருந்தார். அவர் முன்னின்று உருவாக்கிய 'பெண்கூட்டு' என்ற அமைப்பு முதலில் கேட்டது நாற்காலியை அல்ல, கழிப்பறையை. அந்த ஊர் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களுக்குப் போக இடமில்லை. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகு வந்ததுதான் உட்காரும் உரிமைக்கான போராட்டம். 2018-ல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இடம்பெற்றது.

தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்ணுக்கு 'ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள்' என்று சுவரில் போஸ்டர் ஒட்டலாம். ஆரோக்கிய முகாம் நடத்தலாம். சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு இலவச மாத்திரைகூடக் கொடுக்கலாம். எல்லாமே நலத்திட்டம் என்ற கணக்கில் சேரும். ஆனால், அவருக்கு வேண்டியது தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறையும், அங்கே போய்வர ஐந்து நிமிடமும். அதை அவரிடம் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

கேட்காமல் கொடுக்கும் நலனுக்கு நூறாண்டு பழைய சாட்சியும் நம்மிடம் உண்டு. சென்னை பெரம்பூரின் பக்கிங்காம் - கர்நாடிக் ஆலை, பள்ளி, மருந்தகம் என்று தொழிலாளர் நலப்பணிகளுக்குப் பேர் வாங்கிய ஆலை. அந்தத் தொழிலாளர்கள்தான் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்னின்றார்கள், பி.பி.வாடியா தலைவரானார், திரு.வி.க. துணை நின்றார். அன்று அவர்கள் வைத்த குறைகளில் முக்கியமான ஒன்று, மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது; சோற்றை மென்று விழுங்க நேரம் கிடைக்கவில்லை.

உட்கார்வது என்ன குற்றமா?

கடையில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? பெரும்பாலான இடங்களில் பெரிதாக எதுவும் ஆகாது. ஃப்ளோர் சூப்பர்வைசர் பார்ப்பார். அந்தப் பார்வை போதும். 'வேலை இல்லையா?' என்ற ஒரு கேள்வி வரும். மாசக் கடைசியில் இன்சென்டிவ் கணக்குப் போடும்போது அது எப்படியோ நினைவுக்கு வந்துவிடும். எனவே, யாரும் தடுக்காமலேயே ஸ்டூல் காலியாக இருக்கும்.

நம் ஊரில் உட்கார்வது கால்வலி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. யார் முன்னால் யார் உட்காரலாம் என்பதில் ஒரு சமூகமே அடங்கியிருக்கிறது. பண்ணையார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் முற்றத்தில் கைகட்டி நிற்க வேண்டும் என்று விதி வைத்திருந்த ஊர் இது. அது பழைய கதை என்று தள்ளவும் முடியாது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியலினப் பெண் ஊராட்சித் தலைவர் தரையில் அமர்ந்து கூட்டத்தில் கலந்துகொண்ட படம் 2020-ல் வெளியாகி நாட்டையே முகம் சுளிக்க வைத்தது. நாற்காலிகள் இருந்தன, அவருக்கு இல்லை.

கடை முதலாளி உள்ளே வந்ததும் எழுந்து நிற்பது மரியாதை, உட்கார்ந்தே இருப்பது திமிர் என்று பழகிய மனதுக்குச் சட்டத்தின் 22-ஏ பிரிவு எட்டுவது கடினம். பணியிட நலனில் பெரும்பகுதி இந்த மனசு சம்பந்தப்பட்டது. பர்னிச்சர் அதற்கு அப்புறம்தான்.

ஓ.எம்.ஆரில் ஒரு வெபினார்

இப்போது அப்படியே ஐ.டி. அலுவலகங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலைக்கு வருவோம். இங்கே நாற்காலிக்குப் பஞ்சமில்லை. முதுகுத்தண்டின் வளைவுக்கு ஏற்ப வளையும் நாற்காலி, ஏ.சி., இலவச காபி. அக்டோபர் 10, உலக மனநல நாள் வந்தால் எச்.ஆரிடமிருந்து அழகான ஒரு மெயில் வரும். 'உங்கள் மனநலம் எங்களுக்கு முக்கியம்.' நிபுணர் ஒருவர் மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றிப் பேசும் வெபினார். நேரம், மதியம் ஒன்றிலிருந்து இரண்டு. அதாவது, சாப்பாட்டு நேரம். கேமராவை அணைத்துவிட்டு, ஒரு கையில் தயிர்சாதமும் மறுகையில் மவுஸுமாக, பக்கத்து ஸ்கிரீனில் மாலைக்குள் முடிக்க வேண்டிய டெலிவரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெபினாருக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு மட்டும் மேலிடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும்.

சிரிப்பாக இருக்கிறது. ஆனால், இந்த இடைவெளி சில நேரம் உயிரோடு விளையாடிவிடுகிறது. 2024-ல் புனேயில் பெரிய தணிக்கை நிறுவனம் ஒன்றில் சேர்ந்து சில மாதங்களே ஆன 26 வயதுப் பெண் இறந்துபோனார். அளவுமீறிய வேலைப்பளுதான் மகளின் உயிரைக் குடித்தது என்று தாய் அந்த நிறுவனத்தின் தலைவருக்கு எழுதிய கடிதம் நாடு முழுவதும் படிக்கப்பட்டது. நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. ஆனால், கடிதத்தைப் படித்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அதில் தங்கள் அலுவலகத்தைப் பார்த்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் டெல்லிப் பக்கத்து நிறுவனம் ஒன்றின் மெயில் இணையத்தில் பரவியது. ஊழியர்களிடம் மன அழுத்தம் இருக்கிறதா என்று சர்வே எடுத்து, இருக்கிறது என்று சொன்னவர்களை வேலையைவிட்டு அனுப்பிவிட்டதாக அதில் இருந்தது. எல்லாம் விழிப்புணர்வுக்காகச் செய்த விளம்பரம், யாரையும் நீக்கவில்லை என்று நிறுவனம் பிறகு விளக்கம் கொடுத்தது. அந்த மெயிலைப் பலரும் சந்தேகிக்காமல் நம்பியதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 'உண்மையைச் சொன்னால் வேலை போகும்' என்ற பயம் அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. அந்தப் பயம் இருக்கும்வரை எந்த சர்வேயிலும் நிஜம் வராது.

ஆப்பிள் பழமும் ஆராய்ச்சி முடிவும்

'ஏதோ நல்லது செய்கிறார்கள், அதையும் ஏன் குறை சொல்ல வேண்டும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதை ஆராய்ச்சியாளர்கள் பெரிய அளவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிட்டத்தட்ட 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு உடல் பரிசோதனை, ஆரோக்கிய வகுப்புகள், கலந்துகொண்டால் ஊக்கத்தொகை என்று முழுமையான நலத்திட்டம். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. டேமன் ஜோன்ஸ், டேவிட் மோலிட்டர், ஜூலியன் ரைஃப் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2019-ல் வெளியிட்ட முடிவு: மருத்துவச் செலவிலோ, உடற்பயிற்சிப் பழக்கத்திலோ, வேலைத்திறனிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். நலத்திட்டங்களில் ஆர்வமாகச் சேர்பவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவர்கள். காலையில் ஓடுகிறவர்தான் அலுவலக மாரத்தானுக்கும் பெயர் கொடுப்பார். கடைசியில் அவர் ஆரோக்கியத்தைக் காட்டி, 'பாருங்கள், திட்டம் வெற்றி' என்று பவர்பாயின்ட் போடுவார்கள்.

அதே 2019-ல் ஜிருய் சாங், கேத்தரின் பெய்க்கர் இருவரும் பிஜேஸ் என்ற அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனத்தின் 160 கிளைகளில், சுமார் 33,000 ஊழியர்களிடையே செய்த ஆய்வு வெளிவந்தது. நம் ரங்கநாதன் தெரு ஊழியர்களைப் போலக் கடையில் வேலை செய்பவர்கள். பதினெட்டு மாதங்கள் கழித்துப் பார்த்தால், உடற்பயிற்சி செய்வதாகவும் எடையைக் கவனிப்பதாகவும் சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, விடுப்பு எடுத்த நாட்கள், மருத்துவச் செலவு எதுவும் மாறவில்லை.

மனநலம்? ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃபிளெமிங் 2024-ல் வெளியிட்ட ஆய்வு பிரிட்டனின் 233 நிறுவனங்களில் 46,336 ஊழியர்களின் பதில்களை அலசியது. மன உறுதிப் பயிற்சி, தியான வகுப்பு, தூக்கத்துக்கான ஆப் போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இல்லை. விதிவிலக்காக நின்றது ஒன்றுதான். மற்றவர்களுக்குத் தொண்டு செய்யும் வாய்ப்புக் கிடைத்தவர்கள் கொஞ்சம் மேலாக இருந்தார்கள். இது குலுக்கல் முறை ஆய்வு அல்ல என்பதால் இதையே இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால், முந்தைய இரண்டோடு சேர்த்து வைத்தால் படம் தெளிவாகிறது.

யோகாவிலோ தியானத்திலோ குறை இல்லை. அவை மனிதரை மாறச் சொல்கின்றன. வேலை அப்படியே இருக்கிறது. கூரை ஒழுகும் வீட்டில் ஆளுக்கொரு குடையைக் கொடுத்து, அதைப் பிடிப்பது எப்படி என்று வகுப்பும் எடுப்பது மாதிரி.

பியூனும் செயலாளரும்

அப்படியானால் ஓட்டை எங்கே? இதற்கான விடையை லண்டன் அரசு அலுவலகங்கள் அரை நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

1967-ல் தொடங்கிய 'வொயிட்ஹால்' ஆய்வு பிரிட்டன் அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. எல்லோரும் அலுவலக வேலையில் இருப்பவர்கள். நிரந்தர வேலை, இலவச மருத்துவம். மேல்மட்டத்தில் பெரிய பொறுப்போடு இருப்பவர்களுக்குத்தான் மாரடைப்பு அதிகம் வரும் என்பது பொதுவான நம்பிக்கை. நடந்தது தலைகீழ். படிநிலையில் கீழே போகப் போக இறப்பு விகிதம் கூடிக்கொண்டே போனது. அடிமட்டத்தில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்தவர்களைப்போல மூன்று மடங்கு. புகைபிடித்தல், ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணங்கள் இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியை மட்டுமே விளக்கின.

மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண், பெண் ஊழியர்களை எடுத்துக்கொண்டது. தன் வேலையை எப்படி, எப்போது, எந்த வேகத்தில் செய்வது என்பதில் தனக்குச் சொல்லுரிமை இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்ததைக் கண்டது. 1979-லேயே ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு சட்டகம் போட்டிருந்தார். வேலை கடினமாக இருப்பது மட்டும் ஆளைக் கொல்வதில்லை; வேலை கடினமாக இருந்து, அதன்மீது கட்டுப்பாடும் இல்லாமல் போவதுதான் அரிக்கிறது. செயலாளர் தன் மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தால் அது அவர் முடிவு. பியூனின் சாப்பாட்டைத் தள்ளிவைப்பது யாரோ அடிக்கும் மணி.

நேரக் கணக்கும் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து சொன்னது: வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35% அதிகம், இதய நோயால் இறக்கும் அபாயம் 17% அதிகம். 2016-ல் மட்டும் நீண்ட வேலை நேரத்தால் சுமார் 7,45,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டார்கள். இந்தியாவில் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று நாராயண மூர்த்தி 2023-ல் சொன்னார். எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் பேசிய 90 மணி நேரக் கணக்கு 2025 ஜனவரியில் வெளிவந்தது. இரண்டையும் இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது.

தமிழ்நாட்டிலேயே இது ஒருமுறை உரசிப் பார்க்கப்பட்டது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21-ல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் கொதித்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. வாரத்துக்கு மொத்த மணி நேரம் அதேதான், மூன்று நாள் லீவு கிடைக்குமே என்ற வாதம் எடுபடவில்லை. மூன்று நாள் ஓய்வை ஊழியர் தேர்ந்தெடுப்பாரா, முதலாளி தேர்ந்தெடுப்பாரா என்ற சந்தேகம்தான் காரணம். மறுபடியும் அந்தச் 'சொல்லுரிமை'.

விளக்கை மாற்றினார்கள், காதைக் கொடுத்தார்கள்

வேலையையே மாற்றினால் பலன் கிடைக்குமா? பக்கத்து மாநிலத்திலேயே இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

பெங்களூரைச் சுற்றியுள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் பழைய விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டார்கள். நோக்கம் கரண்ட் பில். எல்.இ.டி. வெப்பத்தைக் குறைவாகக் கக்கும் என்பதால், தையல் மிஷின் வரிசைகளில் சூடு குறைந்தது. வெயில் கொளுத்தும் நாட்களில் உற்பத்தி கூடியது. அச்யுதா அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷாதம் மூவரும் இதை ஆராய்ந்து எழுதினார்கள். உற்பத்தியில் கிடைத்த லாபத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், விளக்குக்குப் போட்ட காசு மின்சாரச் சேமிப்பை மட்டும் பார்த்ததைவிட மிக விரைவாகத் திரும்பியது. யாரும் 'வெப்பத்தைத் தாங்குவது எப்படி' என்று வகுப்பு எடுக்கவில்லை. விளக்கைத்தான் மாற்றினார்கள்.

வெப்பம் நமக்குச் சின்ன விஷயமும் இல்லை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களை ஆராய்ந்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரு மடங்காக இருந்தது. நிழல், தண்ணீர், இடைவேளை மூன்றும் இங்கே மருந்துக்குச் சமம்.

இரண்டாவது உதாரணமும் அதே ஆராய்ச்சியாளர்களில் இருவர் பங்கெடுத்ததுதான். ஆடைத் தொழிற்சாலைகளில் சம்பள உயர்வு வந்தது. தொழிலாளர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஏமாற்றத்தில் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, குலுக்கல் முறையில், பெயர் சொல்லாமல் கருத்துச் சொல்லும் வாய்ப்புக் கொடுத்தார்கள். வேலைச்சூழல் எப்படி, சூப்பர்வைசர் எப்படி, திருப்தியா? அவ்வளவுதான். சம்பளத்தில் ஒரு பைசா கூட்டவில்லை. அப்படியிருந்தும், கேட்கப்பட்டவர்கள் வேலையைவிட்டுப் போகும் வாய்ப்பு சுமார் 20% குறைந்தது.

வெறுமனே கேட்பதற்கே இவ்வளவு மதிப்பு என்றால், கேட்டதைச் செய்தால்? இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. முதல் தடவை கேட்டால் சொல்வார்கள். சொன்னது எதுவும் நடக்கவில்லை என்றால் இரண்டாவது தடவை 'எல்லாம் நல்லா இருக்கு சார்' என்று எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

திண்டுக்கல் காட்டிய வழி

கேட்பது, கேட்டதைச் செய்வது, சொன்னவரைப் பழிவாங்காமல் இருப்பது. இந்த மூன்றையும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிய இடம் திண்டுக்கல்.

2021 ஜனவரியில் அங்குள்ள ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் மீது கொலைக் குற்றச்சாட்டு எழுந்தது. அதற்குப் பிறகு பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும், ஆசியத் தளத்திலும் அமெரிக்காவிலும் இயங்கும் தொழிலாளர் அமைப்புகளும் சேர்ந்து, ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் நிறுவனத்துடனும், அங்கே துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனத்துடனும் 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டன. 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று இன்று உலகம் முழுவதும் பேசப்படுவது அதுதான்.

வழக்கமான நலத்திட்டத்திலிருந்து இது எங்கே வேறுபடுகிறது? தையல் வரிசைகளில் இருக்கும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துச் சங்கம் பயிற்சி தருகிறது. பாலியல் தொல்லையோ சாதிப் பேச்சோ கண்ணில் பட்டால் அவர்கள் புகார் எழுப்பலாம். ஆலைக்கு வெளியே இருக்கும் சுயேச்சையான நபர்களிடமும் போகலாம். புகார் சொன்னதற்காக யாரையும் பழிவாங்கக் கூடாது. ஆலை விதியை மீறினால் வாங்கும் நிறுவனம் ஆர்டரில் கைவைக்கும். கடைசி வரிதான் மற்ற வரிகளுக்கு உயிர் கொடுக்கிறது. முதல் ஆண்டிலேயே நூற்றுக்கும் அதிகமான குறைகள் எழுப்பப்பட்டு, பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன.

'புகார்ப் பெட்டியில் ஒரு புகாரும் இல்லை, எங்கள் ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்' என்று பெருமைப்படும் நிர்வாகிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாலியல் தொல்லை பற்றி விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ம் ஆண்டுச் சட்டம். எத்தனை அலுவலகங்களில் அந்தக் குழுவின் தலைவர் யாரென்று புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குத் தெரியும்? புகார் வருவது நோய் அல்ல. வராமல் இருப்பதுதான் பல இடங்களில் நோய்.

நலன் ஆலை கேட்டோடு முடிந்துவிடுவதும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் செல்போன் செய்யும் பெண்கள் 2021 டிசம்பரில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது சம்பளத்துக்காக அல்ல. தங்கியிருந்த விடுதியின் சாப்பாடு விஷமாகி 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர வேண்டிவந்தது. அதற்குப் பிறகுதான் தொழிலாளி இரவில் எங்கே படுக்கிறார் என்று ஊர் கேட்கத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பை அரசு திறந்தது. நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பெண்களுக்கு அதில் பங்கு உண்டு.

நடுவில் மாட்டிக்கொண்டவர்

இத்தனையிலும் வில்லன் வேஷம் சூப்பர்வைசருக்கே போய்ச் சேர்கிறது. அவர் நிலையையும் பார்க்க வேண்டும். அவருக்கும் டார்கெட் உண்டு. ஏழு பேர் செய்ய வேண்டிய வேலையை ஐந்து பேரை வைத்து முடிக்கச் சொல்லியிருப்பார்கள். மேலே ஒருவர் அவரைத் திட்டுவார்; அவர் கீழே திட்டுவார். நேற்றுவரை நன்றாகத் தைத்தவர், நன்றாகக் கோடிங் எழுதியவர், நன்றாக விற்றவர் என்பதற்காகப் பதவி கொடுத்திருப்பார்கள். ஆட்களை எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

பணியிட மனநலம் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் வேலைச்சூழலை மாற்றுவதும், மேலாளர்களுக்குப் பயிற்சி தருவதும் முக்கிய இடம் பெற்றது இதனால்தான். பணிச்சோர்வை அந்த நிறுவனம் 2019-லேயே, சரியாகக் கையாளப்படாத வேலையழுத்தத்திலிருந்து பிறக்கும் ஒன்றாகத்தான் வரையறுத்தது. அதாவது, தளர்ந்தவரைப் பார்த்து 'உனக்குத் தெம்பு போதாது' என்று சொல்வதற்கு முன்னால், அவருக்கு வேலை பிரித்துக் கொடுத்தவரைப் பார்க்க வேண்டும்.

முதலாளி தரப்புக்கும் நியாயம் உண்டு. பத்துக்குப் பத்து மளிகைக் கடையில் ஓய்வறை கட்ட முடியாது. பண்டிகைச் சீசனில் நாலு நாள் ஓடியே ஆக வேண்டும். ஆனால், மேலே பார்த்தவற்றில் கோடிக்கணக்கில் செலவு பிடிப்பவை எத்தனை? மறுநாள் ஷிப்டை இன்று இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் மாற்றாமல் ஒரு வாரம் முன்பே சொல்வதற்குக் காசு வேண்டாம். லீவு கேட்பவரிடம் 'ஏன்?' என்று மூன்று தடவை கேட்காமல் இருப்பதற்கும் வேண்டாம்.

யோகாவையும் கவுன்சலிங்கையும் தூக்கிப்போடச் சொல்லவில்லை. உண்மையிலேயே மனம் நொறுங்கியிருப்பவருக்கு நல்ல ஆலோசகர் கிடைப்பது பெரிய வரம். 2022-ல் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். அலுவலக நோட்டீஸ் போர்டில் இதை ஒட்டுவது நல்லது. ஆனால், வரிசை முக்கியம். முதலில் கூரையிலுள்ள ஓட்டையை அடையுங்கள். பிறகு குடை கொடுங்கள்.

உங்கள் அலுவலகத்துக்கு ஆறு கேள்விகள்

1. இந்த நலத்திட்டத்தை யார் கேட்டார்கள்? ஊழியரா, விளம்பரப் பிரிவா?

2. இது ஊழியரை மாறச் சொல்கிறதா, வேலையை மாற்றுகிறதா?

3. வேலை நேரத்தில் நடக்கிறதா, ஊழியரின் சாப்பாட்டு நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நடக்கிறதா?

4. இதைப் பயன்படுத்துபவருக்கு இன்க்ரிமென்ட் நேரத்தில் அடி விழுமா?

5. கான்ட்ராக்ட் ஊழியர், துப்புரவுப் பணியாளர், வாட்ச்மேன் ஆகியோருக்கும் இது உண்டா?

6. கடந்த ஓராண்டில் ஊழியர்கள் சொன்ன குறைகளில் எத்தனை தீர்ந்தன என்று அவர்களுக்கே திருப்பிச் சொன்னீர்களா?

மறுபடியும் அந்த ஸ்டூல்

இரவு ஒன்பதே முக்கால். ரங்கநாதன் தெருவில் கூட்டம் மாம்பலம் ஸ்டேஷன் பக்கமாகக் கரைகிறது. இரண்டாவது மாடியில் அந்தப் பெண் விரித்த புடவைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்குகிறார். வாடிக்கையாளர் யாரும் இல்லை. சட்டம் சொல்கிற அந்த 'வாய்ப்பு' இதுதான். மடிக்கும் வேலையை உட்கார்ந்தே செய்யலாம்.

ஸ்டூல்மேல் இருக்கும் கட்டை எடுத்துக் கீழே வைக்க ஒரு நொடி போதும். ஆனால், அதை அவர் எடுத்தால் ஒரு அர்த்தம், கல்லாவிலிருந்து எழுந்து வந்து முதலாளி எடுத்தால் வேறு அர்த்தம். "உட்காரும்மா, உட்கார்ந்து மடி" என்று அவர் எல்லோர் காதிலும் விழும்படி ஒருமுறை சொன்னால், மறுநாள் சூப்பர்வைசரின் பார்வை மாறிவிடும்.

அதற்கு மறுநாள் முதலாளி கடைக்குள் நுழையும்போது அந்தப் பெண் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்து, "வணக்கம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடர வேண்டும். அவரும் தலையாட்டிவிட்டு நடந்து போக வேண்டும். அன்றைக்குத்தான் அந்தக் கடைக்கு நாற்காலி வந்ததாகக் கணக்கு.